பழவேற்காடு ஏரி எப்படி உருவானது? அண்டார்டிகாவில் இருந்து பிரிந்த கரை முதல் அடைபடும் முகத்துவாரம் வரை... முழு விளக்கம்

கோடை வந்தாலே பழவேற்காடு மீனவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘முகத்துவாரம் திறந்திருக்கா?’ என்பதுதான். கடலும் ஏரியும் சந்திக்கும் அந்த வாய் மணலால் அடைபட்டால், ஏரிக்குள் கடல்நீர் வராது. இறால் குஞ்சும் வராது. கடலுக்குப் போகும் படகும் மணல் திட்டில் தட்டி நிற்கும்.

இந்த மணல் எங்கிருந்து வருகிறது? இவ்வளவு பெரிய ஏரிக்கு ஏன் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் ஆழம்? இதற்கெல்லாம் விடை ஏரிக்கு அடியில் இருக்கிறது. பூமியின் தட்டுகள் பிரிந்த கதையில் ஆரம்பித்து, கோட்டைக்குப்பம் மீனவரின் வலை வரை வந்து நிற்கும் விடை அது.

முதலில் சுருக்கமாக 5 விஷயங்கள்

• பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி.

• ஏரி இருக்கும் நிலப்பகுதியை புவியியலாளர்கள் ‘பாலாறு படுகை’ என்கிறார்கள். இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்தபோது உருவான பள்ளம் இது.

• பள்ளத்தின் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள். ஏரியின் வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான்.

• ஏரியைக் கடலில் இருந்து பிரிப்பது ஸ்ரீஹரிகோட்டா மணல் தீவு. அதை உருவாக்கியதும் கடல்தான்.

• கரையோரம் நகரும் மணலைத் தடுத்தாலோ, அந்த மணல் ஒரே இடத்தில் குவிந்தாலோ முதலில் பாதிக்கப்படுவது மீனவர்கள்.

ஏரி எங்கே இருக்கிறது?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பது ஏரியின் தெற்கு முனை மட்டும்தான். பெரும்பகுதி ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தில் வருகிறது.

வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கி.மீ. நீளம். பரப்பளவு மழைக்காலத்தில் ஒரு மாதிரி, கோடையில் வேறு மாதிரி. பொதுவாக 450 சதுர கி.மீ. வரை என்று சொல்லப்படுகிறது. தெற்கே ஆரணி ஆறும், வடமேற்கே காலங்கி ஆறும் இதில் கலக்கின்றன. வடக்கே ஸ்வர்ணமுகி ஆற்றின் நீரும் சேர்கிறது. பக்கிங்ஹாம் கால்வாயும் இதன் வழியாகத்தான் போகிறது.

நாம் ‘ஏரி’ என்று சொன்னாலும், இது செம்பரம்பாக்கம் மாதிரியான நன்னீர் ஏரி கிடையாது. பழைய தமிழில் ‘கழி’ என்று சொல்லும் வகை. ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து நிற்கும் உப்பங்கழி.

படிவுப் படுகை என்றால் என்ன?

சிம்பிளாகச் சொன்னால், பூமியின் மேலோட்டில் விழுந்த ஒரு பெரிய பள்ளம். அதில் ஆறுகளும் கடலும் கொண்டு வரும் மணல், களிமண், கூழாங்கல் எல்லாம் அடுக்கடுக்காகச் சேரும். மேலே சேரச் சேர, அடியில் இருப்பது அழுத்தத்தில் இறுகிப் பாறையாகும். வீட்டில் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைப்பது போலத்தான். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது.

இந்தியாவின் கிழக்குக் கரையில் இப்படிப்பட்ட படுகைகள் வரிசையாக இருக்கின்றன. தெற்கில் இருந்து வந்தால் காவிரி, பாலாறு, அதற்கு மேல் கிருஷ்ணா-கோதாவரி, பிறகு மகாநதி. இதில் காவிரிப் படுகையும் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையும் கச்சா எண்ணெய், எரிவாயு காரணமாக அடிக்கடி செய்தியில் அடிபடுபவை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் பாலாறு படுகையிலும் தேடல் நடந்திருக்கிறது. ஆனால் அந்த இரண்டு படுகைகள் அளவுக்கு அது பேசப்படவில்லை.

பாலாறு இங்கே ஓடவே இல்லையே?

நியாயமான கேள்வி. இன்றைய பாலாறு கடலில் கலப்பது சென்னைக்குத் தெற்கே, கல்பாக்கம் பக்கம். பழவேற்காட்டுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

ஆனால் ஒரு காலத்தில் பாலாறு வடகிழக்காக, இன்றைய கொசஸ்தலை ஆற்றின் வழியில் ஓடியிருக்க வேண்டும் என்பது புவியியலாளர்கள் பலரின் கருத்து. கொசஸ்தலை ஆற்றுக்கு ‘விருத்த க்ஷீர நதி’ என்று ஒரு பழைய பெயரும் உண்டு. க்ஷீரம் என்றால் பால், விருத்தம் என்றால் முதுமை. அதாவது ‘பழைய பாலாறு’. ஆறு இடம் மாறிப் போனாலும், பெயர் இங்கேயே தங்கிவிட்டது.

ஆரணி - கொசஸ்தலை ஆறுகளுக்கு நடுவே மண்ணுக்கு அடியில் புதைந்து கிடக்கும் பழைய ஆற்றுத் தடங்கள் தண்ணீர் நிறைந்த மணல் அடுக்குகள். மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் இருந்து சென்னைக்கு பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீர் எடுக்க முடிந்ததற்கு இந்த அடுக்குகள்தான் காரணம். அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்து, மீஞ்சூர் பகுதி கிணறுகள் உப்பாகிப் போனதும் இதே அடுக்குகள் வழியாகத்தான்.

இந்தப் பள்ளம் உருவானது எப்படி?

*கட்டம் 1: அடித்தளம்.* எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மிகப் பழைய கடினப் பாறை. சென்னையில் பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் பார்க்கலாம். ‘சார்னோகைட்’ என்று பெயர். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. அதனால்தான் உலகம் முழுக்க இந்தப் பாறைக்கு அவர் பெயர்.

*கட்டம் 2: பனிக்காலம்.* சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா எல்லாம் ஒட்டியிருந்தன. ‘கோண்ட்வானா’ என்று பெயர். மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயரில் இருந்து வந்த சொல் அது. அப்போது இந்தியா தென் துருவத்துக்கு அருகில் இருந்தது. பனிப்பாறைகள் இழுத்து வந்து போட்ட கற்களும் களிமண்ணும் பாலாறு படுகையின் அடி அடுக்குகளில் பதிவாகியிருக்கின்றன.

*கட்டம் 3: பிரிவு.* பெரிய திருப்பம் இதுதான். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில், இந்தியாவின் கிழக்கு ஓரம் அண்டார்டிகாவில் இருந்து விலக ஆரம்பித்தது. கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் பாறைகளுக்குச் சொந்தக்காரப் பாறைகள் இன்றைக்கும் கிழக்கு அண்டார்டிகாவில் இருக்கின்றன.

ஒரு ரொட்டியை இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்தால் என்ன ஆகும்? நடுவில் மெலிந்து, விரிசல் விட்டு, சில துண்டுகள் கீழே இறங்கும். நிலத்திலும் அதுதான் நடந்தது. கரையை ஒட்டி வடகிழக்கு - தென்மேற்காகப் பிளவுகள் விழுந்தன. பிளவுகளுக்கு நடுவே இருந்த பாறைத் துண்டங்களில் சில கீழே இறங்கிப் பள்ளமாயின. இறங்காதவை மேடாக நின்றன. அப்படி இறங்கிய பள்ளங்களில் ஒன்றுதான் பாலாறு படுகை.

*கட்டம் 4: நிரம்புதல்.* பள்ளம் விழுந்ததும் மேற்கே இருந்த மேட்டில் இருந்து ஆறுகள் மண்ணைக் கொண்டு வந்து கொட்டின. அவ்வப்போது கடலும் உள்ளே வந்தது. பிறகு இந்தியா வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவில் மோதியது. இமயமலை எழுந்தது. அங்கிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டு வந்த வண்டல் வங்கக் கடலின் அடியில் விசிறி போலப் பரவியது. உலகின் மிகப்பெரிய கடலடி வண்டல் விசிறி அதுதான்.

இதற்கெல்லாம் ஆதாரம் எங்கே?

ஏரிக்கு மேற்கே நேர்கோட்டில் சுமார் 40 கி.மீ. தூரத்தில் இருக்கிறது சத்தியவேடு. அங்கே மணற்கல்லும், உருண்டைக் கற்கள் சிமென்ட் போட்டது போல ஒட்டியிருக்கும் பாறையும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மெல்லிய ஏடு ஏடாகப் பிரியும் களிப்பாறை கிடைக்கும். அந்த ஏடுகளுக்கு நடுவே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உதிர்ந்த இலைகளின் அச்சு அப்படியே பதிந்திருக்கிறது. கூடவே கடல் உயிரினங்களின் தடயங்களும் கிடைத்துள்ளன. அதாவது, இன்று கார் தொழிற்சாலைகள் இருக்கும் இடத்துக்கு ஒரு காலத்தில் கடல் வந்து போயிருக்கிறது.

19-ம் நூற்றாண்டில் இந்தப் பாறைகளை நடந்தே ஆராய்ந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-ல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தாரே, அவரேதான். அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. அங்கு கிடைத்தவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது.

அந்தக் கருவிகள் செய்த கல் குவார்ட்சைட். நகரி மலைப் பகுதியில் இருந்து உருண்டு வந்து இந்தப் படுகையில் சேர்ந்த கற்கள். படுகை நிரம்பிய கதையும் மனிதன் கருவி செய்த கதையும் ஒரே கல்லில் இருக்கிறது.

சரி, ஏரி எப்போது வந்தது?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். பள்ளம் 13 கோடி ஆண்டு பழசு என்பதால் ஏரியும் அவ்வளவு பழசு என்று நினைத்துவிடக் கூடாது. ஏரி நேற்றுப் பிறந்த குழந்தை.

சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. தண்ணீரெல்லாம் துருவங்களில் பனியாக உறைந்து கிடந்தது. அப்போது பழவேற்காடு கடற்கரை ஊரே இல்லை. கடல் பல கி.மீ. கிழக்கே இருந்தது.

பனி உருக, கடல் ஏறியது. சுமார் 6,000 - 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கி, தாழ்வான கரைக்குள் புகுந்தது. பிறகு ஏற்றம் நின்றதும், அலைகள் மணலைக் கரைக்கு இணையாகக் குவிக்க ஆரம்பித்தன. மணல் மேடு நீண்டு வளர்ந்து, உள்ளே புகுந்த நீரைக் கடலில் இருந்து பிரித்தது. அந்த மேடுதான் ஸ்ரீஹரிகோட்டா. உள்ளே மாட்டிக்கொண்ட நீர்தான் பழவேற்காடு ஏரி.

ஏரியின் சேற்றுக்கு அடியில் பழைய சிப்பி ஓடுகள் அடுக்காகக் கிடப்பதும், இன்றைய கரையில் இருந்து உள்ளே தள்ளிப் பழைய மணல் மேடுகள் வரிசையாக இருப்பதும் இந்தக் கதைக்கான சாட்சிகள்.

1971-ல் இருந்து ராக்கெட் ஏவப்படும் இடம், அந்த மணல் தீவுதான். ஏவுதளத்துக்காக அங்கிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் சில பழவேற்காடு பக்கம் குடியேறின.

முகத்துவாரம் ஏன் அடைபடுகிறது?

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மணல் சும்மா இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் அலைகள் தெற்கில் இருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழை காலத்தில் தெற்கே தள்ளும். ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம்.

அப்படிப் போகும் மணல் முகத்துவாரத்தைக் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆரணி ஆற்றின் வெள்ளம் ஏரிக்குள் வந்து, ஏரி நிரம்பி, கடலை நோக்கி வேகமாகப் பாயும். அந்த வேகம் மணலைத் தள்ளிவிட்டு வாயைத் திறக்கும். கோடையில் ஆறு வறண்டுவிடும். இந்தக் கரையில் கடலின் ஏற்ற இறக்கமும் குறைவு. அதனால் மணலை வெளியே தள்ளும் அளவுக்கு நீரோட்டம் இருக்காது. வாய் சுருங்கும், சில சமயம் மூடிக்கொள்ளும்.

ஆழம் குறைவாக இருப்பதற்கும் காரணம் இதுதான். ஆறு ஒரு பக்கம் வண்டலைக் கொட்டுகிறது, கடல் இன்னொரு பக்கம் மணலைத் தள்ளுகிறது. நிரம்பிக்கொண்டே இருப்பது எந்த உப்பங்கழிக்கும் இயல்பு. மனிதர்கள் அந்த வேகத்தைக் கூட்டுகிறோமா குறைக்கிறோமா என்பதுதான் கேள்வி.

மீனவர்களுக்கு இதில் என்ன?

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். பிறகு திரும்பிக் கடலுக்குப் போகும். மடவை போன்ற மீன்களும் இப்படிப் போய் வருபவைதான். வாய் அடைபட்டால் இந்தப் போக்குவரத்தே நின்றுவிடும். கோடையில் நீர் ஆவியாகி ஏரி கடலைவிட உப்பாகும். வடக்குப் பகுதியில் ஏரி காய்ந்து தரையே தெரியும்.

கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் ‘பாடு’ என்ற முறை இருக்கிறது. ஏரியின் எந்தப் பகுதியில் யார், எந்த நாளில் வலை போடுவது என்பதை ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. வளமான இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. வாய் நகர்ந்தாலோ அடைபட்டாலோ, பாடு கிடைத்தும் மீன் கிடைக்காது. மீன்பிடி இடம் குறையும்போது யாருக்கு எந்த இடம் என்பதில் ஊர்களுக்குள் பிரச்னையும் வரும்.

முகத்துவாரத்தைத் தூர்வாருவது பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆனால் தோண்டிய மணல் திரும்ப வந்து சேரும். அதனால்தான் நிரந்தரத் தீர்வாக, வாயின் இரு பக்கமும் கருங்கல் கொட்டி நேர்கல் சுவர் கட்டும் திட்டத்தை தமிழ்நாடு மீன்வளத் துறை கையில் எடுத்தது.

துறைமுகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சென்னைக்காரர்களுக்கு இது கண்ணெதிரே தெரிந்த விஷயம். 1876-ல் சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கியது. வடக்கே போன மணல் துறைமுகச் சுவரில் தட்டித் தெற்கே சேர்ந்தது. மெரினா அகலமானது. மணல் கிடைக்காத வடக்குப் பக்கம், ராயபுரம் முதல் எண்ணூர் வரை, கடல் அரிக்க ஆரம்பித்தது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள்.

எண்ணூரில் காமராஜர் துறைமுகம் 2001-ல் வந்தது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி துறைமுகம். அதற்கும் வடக்கே பழவேற்காடு. காட்டுப்பள்ளி விரிவாக்கத் திட்டத்தை மீனவ கிராமங்கள் எதிர்ப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த மணல் கணக்குதான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே அந்தப் பகுதியில் இருப்பது ஒரு குறுகிய நிலப்பட்டை. அது அரிக்கப்பட்டால் ஏரியும் கடலும் ஒன்றாகிவிடும் என்பது அவர்கள் அச்சம். துறைமுகத் தரப்போ, உரிய ஆய்வுகளும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் செய்த பிறகே திட்டம் என்கிறது.

இங்கே நிலநடுக்கம் வருமா?

இந்தியாவின் கிழக்குக் கரை இரண்டு புவித்தட்டுகள் மோதும் இடம் கிடையாது. பிரிந்து போன பிறகு அமைதியான ஓரம். ஆனால் பழைய பிளவுகள் அப்படியே இருக்கின்றன. 2001 செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக்கு அருகே கடலில் ரிக்டர் அளவில் சுமார் 5.5 அளவுக்கு நிலநடுக்கம் ஏற்பட்டது. சென்னையிலும் உணரப்பட்டது. அதற்கு மறு ஆண்டு வெளியான நிலநடுக்க வரைபடம் சென்னையை மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்தது.

பெரிய ஆபத்து தூரத்தில் இருந்து வருவது. 2004 டிசம்பர் 26-ல் சுமத்ரா அருகே தட்டுகள் மோதும் இடத்தில் 9.1 அளவிலான நிலநடுக்கம். இரண்டரை மணி நேரத்தில் சுனாமி இந்தக் கரையைத் தொட்டது. பழவேற்காடு குப்பங்களும் தப்பவில்லை.

இனி என்ன?

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது என்கிறது ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிக்கை. வேகமும் கூடி வருகிறது. சராசரியாக ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏரிக்கும், தாழ்வான மணல் மேட்டில் இருக்கும் குப்பங்களுக்கும் 20 செ.மீ. சின்ன விஷயம் இல்லை.

இயற்கையான சூழலில், கடல் ஏறினால் மணல் மேடும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். அதற்கு இரண்டு தேவை: தெற்கில் இருந்து மணல் வர வேண்டும், பின்னால் நகர இடம் இருக்க வேண்டும்.

எனவே, முகத்துவாரம் பற்றி அடுத்த முறை செய்தி வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். மணல் எங்கிருந்து வருகிறது? வழியில் எங்கே நிற்கிறது? ஆரணி ஆற்றில் அதைத் தள்ளும் அளவுக்குத் தண்ணீர் வருகிறதா? தூர்வாரலோ, நேர்கல் சுவரோ, துறைமுகமோ, எந்தத் திட்டமாக இருந்தாலும் இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் பழவேற்காட்டில் வலைக்கு மீன் வரும்.